போதும்பொண்ணு என்கிற என் அக்கா

என் மூன்றாவது அக்காவின் பேர் போதும்பொண்ணு. படித்ததும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம், அவளே சிரிப்பாள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறி அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள், ஒருத்தியாவது திரும்பிப் பார்ப்பாள். பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கிற வீட்டில், கடைசியாக வந்த பெண்ணுக்குப் 'போதும்' என்று பேர் வைத்துவிட்டால் சாமிக்கு விஷயம் புரிந்துவிடும், அடுத்ததை ஆண் பிள்ளையாக அனுப்பிவைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோவிலுக்குப் போய் நேராகக் கேட்டுவிட்டு வர வேண்டியதை ஒரு கைக்குழந்தையின் தலையில் கட்டி அனுப்புகிற புத்தி எங்கள் ஆட்களுக்கு எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அது பலித்துவிட்டது. அக்காவுக்கு நாலு வயதாகும்போது நான் பிறந்தேன். அதனால் சின்ன வயதில் எனக்குத் தெரிந்த முதல் செய்தியே, நான் வந்ததற்குக் காரணம் அக்காவின் பேர் என்பதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற அக்காவைப் பார்த்து, "ராசிக்காரிதான்" என்பார்கள். நான் முறுக்குத் தின்பேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பாள்.

பலிக்காத வீடுகளும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் போதும்பொண்ணுக்குப் பிறகு இன்னொரு பெண் பிறந்தது. போதும் என்று இலையை மடித்த பிறகும் பரிமாறிக்கொண்டே இருந்தால் என்ன சொல்வது? அதற்கு என்ன பேர் வைப்பதென்று அந்த வீட்டில் யாருக்கும் ஓடவில்லை. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ரேஷன் கார்டிலும் பாப்பாதான்.

என் பேர் நல்ல பேர். அப்பாவின் அப்பா பேர். ஆனால் அந்தப் பேரை என் அம்மா இன்றுவரை ஒருதடவைகூடச் சொன்னதில்லை. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்த மாமனார் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், இருந்தாலும் கூடாது. என்னைத் திட்ட வேண்டுமென்றாலும் பேரைச் சொல்லித் திட்ட முடியாது, திட்டு மேலே போய் அவர்மேல் விழும். அதனால் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவாள். நான் செய்த சேட்டைக்கு எல்லாம் மரியாதையாகவே அடி வாங்கியிருக்கிறேன்.

இதனால் வந்த கூத்து ஒன்று உண்டு. பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். எனக்கு ஆறு வயது இருக்கும். ராட்டினத்தைப் பார்த்த நான் அம்மா கையை விட்டுவிட்டேன். அம்மா பதறிப்போய், காணாமல்போனவர்களைக் கூப்பிடுகிற மைக் செட்டுக்காரரிடம் போயிருக்கிறாள். அவர், பையன் பேர் என்ன என்று கேட்டார். எங்க மாமா பேருதான் என்றாள் அம்மா. மாமா பேர் என்ன என்றார். அதைச் சொல்லக் கூடாதுங்க என்றாள். சரி, பையனுக்கு அப்பா பேரையாவது சொல்லுங்கள் என்றார். அது புருஷன் பேர். அதையும் சொல்லக் கூடாது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்திலும் அம்மா இரண்டு பேரில் ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. கோபம் வந்த மைக்காரர் கடைசியில் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவள்தான் என் பேரையும் அப்பா பேரையும் சொன்னாள். நீ யாரும்மா என்றதும் தன் பேரையும் சொன்னாள்.

"உன் அக்கா போதும்பொண்ணு இங்கே காத்துக்கொண்டு இருக்கிறார்" என்று மைக்கில் வந்தது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. டவுன்காரர்கள் அந்தப் பேரைக் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. சிரிப்பைப் பார்த்த மைக்காரருக்கு உற்சாகம் வந்து இன்னும் இரண்டு தடவை சொன்னார். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, மைக்கில் முதலில் வந்த என் பேர் உறைக்கவே இல்லை. வீட்டில் கேட்டுப் பழகிய பேரா அது? அக்கா பேரைக் கேட்டதும்தான் அந்தப் பக்கம் ஓடினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா மைக் செட்டு மேஜை ஓரத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

பிறகு வயிற்றுப்பாட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த தொழிலும் பேர் சம்பந்தப்பட்டதாகவே அமைந்துவிட்டது. பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கடை. கல்யாணப் பத்திரிகை அடிப்பேன், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் போட்டுக் கொடுப்பேன். ஊர்க்காரர்கள் பேரெல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் சுவரில் ஏறும். சிரித்துக்கொண்டே பிழைக்கிற தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருதடவை நரிக்குடிப் பக்கமிருந்து ஓர் ஆட்டுக்காரர், மகள் சடங்குக்கு ஃபிளெக்ஸ் போட வந்தார். பேர் கலெக்டர். அப்பா அம்மா வைத்த பேரே அதுதான். மகன் பிற்காலத்தில் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்தார்களாம். வேலை கிடைக்காவிட்டாலும் பேர் கிடைத்துவிட்டது. ஃபிளெக்ஸில் வெறுமனே கலெக்டர் என்று போட்டால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று இழுத்தேன். அவர் யோசிக்கவே இல்லை, 'ஆட்டுக்கார கலெக்டர்' என்று போடச் சொன்னார். அப்படியே போட்டேன். கையில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிற படத்தையும் அவரே கொடுத்தார்.

இன்னொருவர் ராவுத்தர். பேர்தான் ராவுத்தர், நெற்றி நிறைய விபூதி. பிறந்து பிறந்து பிள்ளைகள் தங்காமல் போனதால் அவருடைய அம்மா தர்காவுக்கு நேர்ந்துகொண்டு அந்தப் பேரை வைத்திருக்கிறார். என் பக்கத்துக் கடையில் செருப்பு விற்கிறவர் துபாயில் பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த பாய். நோன்பு மாதத்தில் அந்த ராவுத்தர் வந்தால் பாய் ஒரு தூக்குவாளிக் கஞ்சியை எடுத்து நீட்டிவிடுவார். அவரும் திருநீற்றுக் கையாலேயே வாங்கிக்கொண்டு போவார். பேருக்காக வருஷா வருஷம் கஞ்சி கிடைக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குப்பை என்று பேர் வைத்தவர்களும் நிறைய. பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் கொண்டுபோய்க் குப்பையில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்வாள். இது குப்பையில் கிடந்த பிள்ளை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, இதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று எமன் விட்டுவிடுவான் என்று கணக்கு. குப்பை, தவிடன், பிச்சை எல்லாம் இப்படி வந்த பேர்கள்தான். பேரைக் கேட்டால் அருவருப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளை எப்படியாவது பிழைத்துக் கிடக்க வேண்டும் என்கிற தவிப்பில் வைத்த பேர் அது.

அப்படி ஒரு குப்பை, ஊரில் பெரிய சம்சாரி, கரிசலும் கண்மாய்ப் பாசன வயலும் இருக்கிறவர், மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். கூட வந்த மகனுக்கு அப்பா பேரைப் பத்திரிகையில் பார்க்கக் கூச்சம். நாகரிகமான ஒரு பேரை எழுதிக் கொண்டுவந்திருந்தான். சொன்னபடி அடித்துக் கொடுத்தேன். தங்க எழுத்து, மயில், எல்லாம். வீடு வீடாக நேரில் போக முடியாமல் பத்திரிகையை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். வாங்கிய பாதிப் பேருக்கு அது யார் வீட்டுக் கல்யாணம் என்றே விளங்கவில்லை. ஏதோ மெட்ராஸ்காரர் பத்திரிகை தவறி வந்துவிட்டது என்று பரணில் போட்டுவிட்டார்கள். கல்யாணத்தன்று பந்தி காலியாகக் கிடந்தது. சமைத்த சோறும் சாம்பாரும் அப்படியே இருக்க, குப்பையே பைக்கை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், நம்ம வீட்டுக் கல்யாணந்தானப்பா, வாங்க, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு இலை போதவில்லை. அடுத்த மகன் கல்யாணத்துக்கு அவர் தனியாக வந்தார். பெரிய எழுத்தில் குப்பை என்று போட வைத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது பிறக்கிற பிள்ளைகளின் பேரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. டைப் செய்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. சோசியர் கொடுத்த எழுத்து, இன்டர்நெட் கொடுத்த எழுத்து, நடுவில் ஒரு ஸ்ரீ. வீட்டில் கூப்பிடுவது என்னவோ அம்மு, குட்டி, தங்கம்தான்.

அக்காவை நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மாமா விவசாயம். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நெல், இல்லாவிட்டால் குதிரைவாலி, அதோடு ஒரு பட்டி வெள்ளாடு. ஆட்டை அதட்டி அதட்டி அக்காவுக்குத் தொண்டை கணீரென்று ஆகிவிட்டது. ரகசியம் பேசினால்கூட மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். ஊரில் மகளிர் குழுவுக்குத் தலைவி. பேங்குக்கு, தாலுகா ஆபீஸுக்கு என்று அவள்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவாள். புதிதாக வருகிற ஆபீஸர் பேரைக் கேட்டுச் சிரித்தால், இவள் பொறுமையாக நிற்பாளாம். பிறகு, "சிரிச்சு முடிச்சிட்டீகளா? இப்ப எழுதுங்க" என்பாளாம். இதை அவள் குழுப் பெண்கள் என்னிடம் நடித்தே காட்டியிருக்கிறார்கள். அதனால் அக்காவுக்குத் தன் பேரைப் பற்றி ஒரு வருத்தமும் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். சின்ன வயதில் பட்டிருந்தாலும் காய்த்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு முதலில் பெண். போன வருஷம் இரண்டாவதும் பெண். என் மனைவி காரியாபட்டிக்காரி, அங்கிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வேலை பார்த்தவள், தெளிவான ஆள். இரண்டோடு நிறுத்திக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். பிரசவத்தோடு ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனும் முடிந்துவிட்டது. இதை அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். தள்ளிப்போடுவதில் எனக்கு இணை கிடையாது.

அம்மா பேத்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அதில் குறையில்லை. மூக்கு, இப்போது இல்லாத எங்கள் அப்பாவுடையது என்றாள். விரல் எல்லாம் நீளம், கெட்டிக்காரி ஆவாள் என்றாள். குளிப்பாட்டுவதும் சாம்பிராணி போடுவதும் அவள்தான். ஆனால் முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பேர் வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு யோசனையை மெல்ல எடுத்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பேர் சொல்வது அத்தையின் பாத்தியதை. அப்பாவின் அக்காவோ தங்கையோ பிள்ளையை மடியில் வாங்கி, முந்தானையை மூடிக்கொண்டு, காதில் மூன்று தடவை பேரைச் சொல்லிச் சீனித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவள் காதில் என்ன சொல்கிறாளோ அதுதான் பேர். மாற்ற முடியாது. என் முதல் பெண்ணுக்கு மூத்த அக்கா வந்து சொன்னாள். இந்தத் தடவை போதும்பொண்ணு அக்காதான் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா. அவள் பேரைத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

அம்மா ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. சர்டிபிகேட்டில் மருமகள் ஆசைப்பட்ட பேரையே எழுதிக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். காதில் மட்டும் அந்தப் பேர் விழுந்தால் போதும். ஒருதடவை பலித்த பேர், பேருக்கு உரியவளே வந்து சொன்னால் இன்னொரு தடவையும் பலிக்கும். அடுத்தது பையன். இதுதான் அவள் போட்ட திட்டம்.

நானும் மனைவியும் தனியாக யோசித்துப் பார்த்தோம். காதில் சொல்வது யாருக்குக் கேட்கப்போகிறது? அடுத்தது என்கிற பேச்சே கிடையாது. பெரிய மனுஷிக்கு ஓர் ஆசை, நடந்துவிட்டுப் போகட்டும். ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லி அழுகையும் சண்டையும் பார்ப்பதைவிட இது எளிது என்று எனக்குப் பட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் நாலு சொல்வாள். அன்றைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆடு கத்துவதுதான் கேட்டது. கடைசியில், "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பதாம் நாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். ஒரு பையில் வெள்ளிக் காப்பு, கருப்பு வளையல், இரண்டு சட்டை. இன்னொரு பையில் எங்களுக்கு உளுந்தும் மல்லியும். வந்ததும் யாரிடமும் அதிகம் பேசாமல் கையைக் காலைக் கழுவிக்கொண்டு பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டினாள். பொட்டு வைத்து, கன்னத்தில் மை வைத்து, வளையல் போட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கூட்டம் அதிகமில்லை. மனைவியின் அப்பா, அம்மா, எங்கள் தெருப் பெண்கள் சிலர், மாமா, நான். மூத்த அக்காவும், திருப்பூரில் இருக்கிற நடு அக்காவும் வரவில்லை. நடுவீட்டில் அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. அம்மா சீனித் தண்ணீரைக் கலந்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஊற்றி வைத்துவிட்டு அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்தினாள். முந்தானையை இழுத்துத் தன் தலையையும் பிள்ளையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். குனிந்தாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். சேலைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அக்காவின் ரகசியம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமாதலால், இன்னும் சொல்லவில்லை என்று புரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சொல்லு என்றாள் அம்மா. அப்போதும் சத்தமில்லை. தெருப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா முந்தானையை விலக்கினாள். "என்னால ஏலலம்மா" என்றாள்.

அம்மா அதைக் கூச்சம் என்று நினைத்துவிட்டாள். உன் பேர்தானே ஆத்தா, அதைச் சொல்வதற்கு என்ன என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என் பேருங்கிறதாலதான் ஏலல" என்றாள் அக்கா. அவள் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. கோபம் இல்லை. ஆட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ சொல்கிறவள்போலத்தான் சொன்னாள். "தம்பி பொறந்த அன்னைக்கு வந்தவுக போனவுக எல்லாரும் என்னையத் தூக்கித் தூக்கிக் கொஞ்சுனாக. எனக்கு நாலு வயசு. என்னையத்தான் கொஞ்சுறாகன்னு நெனச்சு நானும் ஒவ்வொருத்தர் கையா மாறிக்கிட்டு இருந்தேன். மறுநாளு ஒருத்தரும் தூக்கல. ஏன்னு எனக்குக் கொஞ்சம் பெரியவளானதும்தான் வெளங்குச்சு. ஊருல எவன் சிரிச்சாலும் நானும் கூடச் சிரிச்சிருவேன், அது பழகிப்போச்சு. இது காதுல போயி அதைச் சொல்ல மாட்டேம்மா. நீ அடிச்சாலும் சொல்ல மாட்டேன்."

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவள் தோளில் ஏறி வளர்ந்தவன் நான், எனக்கு இது தெரியாது. அவள்மேல் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தை அந்த இடத்தில் எப்படிக் காட்டுவதென்றும் தெரியவில்லை.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன கெடுதலா நினைத்தேன், என் மகனுக்கு ஒரு பையன் வேண்டாமா, நாளைக்கு இந்தப் பெண் பிள்ளைகளுக்கே கூடப்பிறந்தவன் என்று ஒருவன் வேண்டாமா, வீட்டுக்கு வந்த நல்ல காரியத்தில் இப்படி நடுவில் நிறுத்தலாமா என்று படபடவென்று பேசினாள். பேசப் பேச அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் தள்ளிப்போட என்னால் முடியவில்லை. "அம்மா, மூணாவது கெடையாது. ஆஸ்பத்திரியிலயே ஆபரேஷன் முடிச்சிட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மருமகள் தலையை ஆட்டினாள். ஒரு மாதமாகக் கட்டி வைத்திருந்த கோட்டையை ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டோமே என்று எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. இனி இந்தக் குழந்தையை அவள் எப்படிப் பார்ப்பாளோ என்று பயமாகவும் இருந்தது. நேற்றுவரை அது அடுத்து வரப்போகிறவனுக்கு முன்னால் வந்த பிள்ளை. இன்றைக்கு அதுதான் கடைசி.

அக்கா மறுபடியும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குனிந்தாள். இந்தத் தடவை சத்தம் வந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, ஒருவேளை தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"நீ எங்களுக்கு வேணும்டி தங்கம். வேணும். வேணும்."

மூன்று தடவை ஆயிற்று. முந்தானையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, இது நான் அத்தையாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னது, பேர் வேறு என்று சொல்லிவிட்டு, என் மனைவி தேர்ந்தெடுத்திருந்த பேரைக் கணீரென்று எல்லாருக்கும் சொன்னாள். அந்தப் பேரிலும் ஒரு ஸ்ரீ இருக்கிறது. அக்கா வாயில் அது கொஞ்சம் வளைந்துதான் வந்தது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தெருப் பெண்கள் குலவையிட்டார்கள்.

சீனித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாலாடை அம்மா பக்கத்தில் இருந்தது. அக்கா கையை நீட்டினாள். அம்மா அதைக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு, முட்டியில் கை ஊன்றி நகர்ந்து பக்கத்தில் வந்தாள். பிள்ளையின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். விரலை நனைத்து அதன் உதட்டில் ஒரு சொட்டு வைத்தாள். அது நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டியது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு சொட்டு வைத்தாள். என் செல்லக்கட்டி, என் கடைக்குட்டி என்று அதன் காலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அக்கா பிள்ளையைத் தொட்டிலில் போட எழுந்திருக்கப் போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அன்னைக்கு ஒனக்குப் பேரு சொன்னதும் சீனித்தண்ணி ஊத்துனதும் ஒங்க அத்தை. நான் உள்ள செவரப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். மூணாவதும் பொண்ணுன்னு எந்திரிச்சுக்கூட வரல" என்றாள். பாலாடையை நீட்டினாள். "வாயைத் தொற."

அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரைத்திருக்கிறது. அவள் மகன் மீசை வைத்திருக்கிறான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கு முன்னால், அண்ணாந்து வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அம்மா கொஞ்சம் ஊற்றினாள்.

அக்கா விழுங்கிவிட்டு, "இன்னும் ஊத்தும்மா" என்றாள்.

அம்மா பாலாடையில் இருந்தது முழுவதையும் ஊற்றினாள்.